சூப்பர் ஹீரோ பிடித்தால் பிழைப்போமா?

1973 ஜூன் தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர் மேன் காமிக்ஸ், 121ஆம் இதழ். வில்லன் கிரீன் காப்ளின், ஸ்பைடர் மேனின் காதலி க்வென் ஸ்டேசியைத் தூக்கிக்கொண்டுபோய் நியூயார்க்கில் ஒரு பாலத்தின் கோபுர உச்சியில் வைத்திருக்கிறான். சண்டை மூள்கிறது. அவளைத் தள்ளிவிடுகிறான். ஸ்பைடர் மேன் மேலிருந்து வலையை வீச, அது கச்சிதமாக அவள் கால்களைப் பற்றிக்கொள்கிறது. ஆற்றைத் தொடுவதற்கு முன்பே அந்தரத்தில் நின்றுவிடுகிறாள். காப்பாற்றிவிட்டோம் என்ற பூரிப்போடு மேலே இழுத்துப் பார்த்தால், உயிர் இல்லை.

காப்ளின் அதற்கு ஒரு விளக்கம் சொல்வான். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் முன்பே யாரும் செத்துப்போவார்களாம். சுத்த உளறல். பாராசூட் வீரர்கள் பாராசூட்டை விரிக்கும் முன் ஒரு நிமிடம்கூட விழுந்துகொண்டே இருப்பார்கள், கீழே வந்து சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுப்பார்கள். ஆனால் படத்தை உற்றுப் பார்த்த வாசகர்களுக்கு வேறொன்று கண்ணில் பட்டது. வலை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கட்டத்தில், அவள் கழுத்துக்குப் பக்கத்தில், 'ஸ்னாப்' என்று சின்னதாக ஓர் ஒலி எழுதப்பட்டிருந்தது. அவளைக் கொன்றது வில்லனா, ஹீரோவா என்று சண்டை கிளம்பிவிட்டது. சில இதழ்கள் கழித்து வாசகர் கடிதப் பகுதியில் ஆசிரியர் தரப்பு ஒப்புக்கொண்டது: வலை அவளைச் சட்டென்று நிறுத்தியபோது கழுத்து வெடுக்கென்று இழுபட்டதுதான் காரணம்.

சூப்பர் ஹீரோ கதைகளில் இயற்பியல் ஜெயித்த அபூர்வமான இடம் இது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ் இந்தக் காட்சியை வைத்தே முதலாண்டு மாணவர்களுக்கு உந்தம் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார். நாமும் இதையே எடுத்துக்கொள்ளலாம். பள்ளியில் படித்த கணக்கு போதும். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் சூப்பர் ஹீரோக்கள் காப்பாற்றும் காட்சிகளில் பாதியை நாமே சோதித்துப் பார்த்துவிடலாம்.

விழுவது வலிக்காது

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். விழும்போது உடம்புக்கு எதுவும் ஆவதில்லை. ஈர்ப்பு விசை தலையையும் காலையும் குடலையும் ஒரே மாதிரி இழுக்கிறது. எல்லாம் சேர்ந்தே வேகம் எடுக்கின்றன, ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அதனால்தான் மிதக்கிறார்கள்.

சிக்கல் நிற்கும்போது வருகிறது. நிறுத்துகிற பொருள் உடம்பில் ஒரு பக்கத்தைத்தான் தொடும். அந்தப் பக்கம் நின்றுவிடும். மற்ற பக்கம் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கும். எலும்பும் தசையும் நரம்பும் நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடும்.

எவ்வளவு இழுபடும் என்பதற்குத்தான் உந்தம். ஒரு பொருளின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். ஓடுகிற பொருளை நிறுத்த வேண்டுமானால் அந்த உந்தம் முழுவதையும் கழித்தாக வேண்டும். கழிப்பது விசையின் வேலை. விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பதைப் பாடப்புத்தகம் கணத்தாக்கு என்று சொல்லும். கணத்தாக்கு உந்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. அதிக விசையைக் கொஞ்ச நேரம் கொடுக்கலாம், கொஞ்ச விசையை அதிக நேரம் கொடுக்கலாம். கணக்குக்கு இரண்டும் ஒன்று. கழுத்துக்கு ஒன்றல்ல.

கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிக்கிறவர் கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. பந்து கையில் பட்டதும் அதோடு சேர்ந்து கையைப் பின்னால் கொண்டுபோவார். பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது, உள்ளங்கை தப்பிக்கிறது. இதை எந்த இயற்பியல் ஆசிரியரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, இரண்டு முறை விரல் வீங்கினால் தானாக வந்துவிடும்.

ஒரே ஒரு வகுத்தல்

நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவது காமிக்ஸுக்கு ஒத்துவராது. படத்தில் நேரம் தெரியாது. தூரம் தெரியும்: எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாள், எவ்வளவு தூரத்துக்குள் நின்றாள். அதனால் தூரத்தை வைத்துப் பார்ப்போம். இதுதான் இந்தக் கட்டுரையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே கணக்கு.

விழும்போது ஈர்ப்பு விசை, அதாவது அவளுடைய எடை, அந்த உயரம் முழுக்க இழுத்து அவளுக்கு ஆற்றல் கொடுக்கிறது. எடையை உயரத்தால் பெருக்கினால் அந்த ஆற்றல் கிடைக்கும். நிறுத்துகிற விசை அதே ஆற்றலை நிற்கும் தூரத்துக்குள் வாங்கிவிட வேண்டும். விழுந்த தூரம் நிற்கும் தூரத்தைப் போல எத்தனை மடங்கோ, நிறுத்தும் விசையும் எடையைப் போல அத்தனை மடங்கு. விழுந்த தூரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் விடை. அந்த மடங்கைத்தான் விமானிகள் 'ஜி' என்று சொல்வார்கள். 10 ஜி என்றால் உங்கள் எடையைப் போல 10 மடங்கு விசை. (நிறுத்தும்போதும் ஈர்ப்பு இழுத்துக்கொண்டேதான் இருக்கும், அதையும் தாங்க இன்னும் ஒரு ஜி கூட்டிக்கொள்ள வேண்டும். 180 ஜியோடு ஒன்றைக் கூட்டினால் என்ன, கூட்டாவிட்டால் என்ன. பெரும்பாலும் விட்டுவிடலாம்.)

இந்தக் கணக்கில் நிறை வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 50 கிலோ க்வென்னுக்கும் 100 கிலோ வில்லனுக்கும் அதே ஜிதான்.

இப்போது பாலத்துக்கு வருவோம். கதை வசனத்தில் அது ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், படத்தில் வரைந்திருப்பதோ புரூக்ளின் பாலம் மாதிரி. முதலாவதன் கோபுரம் 184 மீட்டர், இரண்டாவது அதில் பாதிகூட வராது. அவள் 90 மீட்டர் விழுந்த பிறகு வலை பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டால் அப்போது அவள் வேகம் வினாடிக்கு 42 மீட்டர், அதாவது மணிக்கு 150 கிலோமீட்டர். காற்றைச் சேர்த்தால் மணிக்கு 130 கிலோமீட்டர் பக்கம் வரும். கணக்கு எளிமையாக இருக்கட்டும், காற்றை விட்டுவிடுகிறேன்.

வலை அரை மீட்டருக்குள் அவளை நிறுத்தியது என்றால் 90ஐ அரையால் வகுக்க வேண்டும். 180 ஜி. அவள் எடை 50 கிலோ என்றால், கால்களில் 9 டன் தொங்கியதற்குச் சமம். நின்ற நேரம் ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 1 மீட்டருக்குள் நிறுத்தினால் 90 ஜி. 10 மீட்டர் கிடைத்தால் 9 ஜி. 30 மீட்டர் கிடைத்தால் 3 ஜி, நல்ல ரோலர் கோஸ்டரில் போகிறவர்கள் காசு கொடுத்து வாங்கும் அளவு. அதே பெண், அதே பாலம், அதே வேகம்தான். மாறியது நிற்பதற்குக் கிடைத்த இடம் மட்டும்.

மனிதன் எவ்வளவு தாங்குவான்?

இந்தக் கேள்விக்குத் தன் உடம்பையே பதிலாகக் கொடுத்தவர் ஜான் ஸ்டாப். அமெரிக்க விமானப்படை மருத்துவர். விமானத்திலிருந்து அதிவேகத்தில் வெளியேறும் விமானி உயிர் பிழைப்பாரா என்று தெரிய வேண்டியிருந்தது. நியூ மெக்சிகோவில் ஹாலோமன் தளத்தில் தண்டவாளத்தின் மேல் ராக்கெட் பூட்டிய ஒரு சறுக்கு வண்டி. அதில் தன்னைத்தானே பெல்ட்டுகளால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 1954 டிசம்பர் 10 அன்று அது மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. பிறகு 1.4 வினாடியில் நின்றது. சராசரியாகப் பார்த்தால் 20 ஜி, உச்சத்தில் 46 ஜிக்கும் மேல். கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் வெடித்துச் சிறிது நேரம் பார்வையே இல்லை. அப்புறம் பார்வை திரும்பியது. 1999இல், 89 வயதில்தான் இறந்தார். நடுவில் கார்களில் சீட் பெல்ட் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். என்னைக் கேட்டால் காமிக்ஸ் ஹீரோக்கள் எல்லாரையும்விட இவர் ஒரு படி மேல்.

ஆனால் ஸ்டாப்பின் 46ஐ அப்படியே எடுத்துக்கொண்டு '46 வரை பிழைக்கலாம்' என்று முடிவு கட்டக் கூடாது. அவர் உடம்பு முழுக்க இருக்கையோடு பிணைக்கப்பட்டிருந்தது. விசை மார்பின் குறுக்கே பரவியது. போர் விமானிகளுக்கு விசை தலையிலிருந்து காலை நோக்கி வரும், ரத்தம் கீழே இறங்கிவிடும். அவர்கள் தனி உடையும் பயிற்சியும் இருந்தும் 9 ஜி பக்கத்திலேயே திணறுவார்கள். எவ்வளவு விசை என்பதோடு எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு நேரம், உடம்பில் எந்த இடத்தில் என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு.

க்வென்னுக்கு எல்லாமே தப்பாக அமைந்தது. வலை பிடித்தது கால்களை. கால்கள் முதலில் நின்றன, பிறகு இடுப்பு, பிறகு முதுகு. தலைதான் கடைசி, அதைப் பிடித்து நிறுத்த கழுத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. நாலைந்து கிலோ தலை. 10 ஜி என்றாலே கழுத்தில் 50 கிலோ இழுக்கிறது, அதுவும் வெடுக்கென்று. 180 வேண்டியதே இல்லை. இடுப்பையும் முதுகையும் சேர்த்துப் பிடித்திருந்தால், கூடவே பத்து முப்பது மீட்டர் விட்டுப் பிடித்திருந்தால், கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

விட்டுப் பிடிக்க வலைக்கு வசதி உண்டா? நிஜச் சிலந்திக்கு உண்டு. சிலந்தி தொங்கிக்கொண்டு இறங்கும் இழை அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேல் நீண்டு கொடுக்கும். எஃகுக் கம்பி இவ்வளவு நீளாது. பூச்சியைப் பிடிக்கும் சுருள் இழை கிட்டத்தட்ட ரப்பர் மாதிரி, இரண்டு மடங்குக்கும் மேல் நீளும். ஆனால் ரப்பரில் இல்லாத ஒரு குணம் அதில் இருக்கிறது. பறந்து வந்து மோதும் ஈயின் ஆற்றலில் பெரும் பகுதியை இழை வெப்பமாக மாற்றித் தீர்த்துவிடும், திரும்பக் கொடுக்காது. அதனால்தான் ஈ வலையில் பட்டுத் துள்ளித் தெறித்துப் போவதில்லை. ஸ்பைடர் மேனின் வலையும் அப்படிப்பட்டது என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் இழை 25 மீட்டராவது நீளும். அவள் பிழைத்திருப்பாள். மலையேறுகிறவர்கள் இடுப்பில் கட்டும் கயிறும் இதே காரணத்துக்காக நீளும்படிதான் நெய்யப்படுகிறது. நீளாத கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையேறி விழுந்தால் கயிறு அறாது, ஏறியவர்தான் அறுவார்.

இன்னொரு வழியும் உண்டு. நிறுத்தவே வேண்டாம், திருப்பினால் போதும். ஸ்பைடர் மேன் தானே குதித்து, அவளை அணைத்துக்கொண்டு, வலையை வேறெங்காவது ஒட்டி ஊசலாடினால், கீழே போகிற வேகம் பக்கவாட்டு வேகமாக மாறும், பிறகு மேலேறும்போது ஈர்ப்பே பிரேக் போட்டுவிடும். கயிறு கிடைமட்டமாக இருக்கும் நிலையிலிருந்து விழுந்து ஆடும் ஊசலில், அடிப்புள்ளியில் கயிற்றை இழுப்பது சரியாக 3 ஜி. கயிறு 10 மீட்டரா 100 மீட்டரா என்பது பொருட்டே இல்லை. அவன் ஊர் முழுக்க அப்படித்தான் ஆடிக்கொண்டு திரிகிறான், தேவைப்பட்ட அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டான்.

சூப்பர்மேனின் கைகள்

அடுத்தது சூப்பர்மேன். கட்டடத்திலிருந்து யாரோ விழுகிறார்கள். தரைக்கு இரண்டு மீட்டர் இருக்கும்போது சூப்பர்மேன் பாய்ந்து வந்து இரு கைகளிலும் ஏந்திக்கொள்கிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

அவர் கைகள் எஃகைவிட உறுதியானவை என்று கதையே சொல்கிறது. குண்டு பட்டாலே நசுங்காத கை இவர் விழுந்தால் நசுங்குமா? 60 மீட்டர் விழுந்தவர் அந்தக் கைகளில் 30 சென்டிமீட்டருக்குள் நின்றால் 200 ஜி. கான்கிரீட் தரைக்குப் பதிலாக இரண்டு இரும்புக் குழாய்களின் மேல் விழுந்ததுதான் வித்தியாசம். கீழேயிருந்து மேல்நோக்கிப் பறந்து வந்து பிடிப்பார் சில சமயம், அது இன்னும் மோசம். விழுகிறவர் வினாடிக்கு 50 மீட்டர், இவர் எதிரே 50 மீட்டர் என்றால், மோதும் வேகம் 100. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நாலு மடங்கு.

சரியான முறை பார்க்கச் சுவாரசியமாக இருக்காது. சூப்பர்மேன் முதலில் விழுகிறவரோடு சேர்ந்து, அதே வேகத்தில், கீழ்நோக்கிப் பறக்க வேண்டும். பக்கத்தில் போய் நிதானமாக முதுகையும் தலையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும். வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தை 5 ஜியில் குறைத்தால் 25 மீட்டருக்குச் சற்று மேல் தூரம் வேண்டும், ஏறக்குறைய எட்டு மாடி. 3 ஜி போதும் என்றால் 40 மீட்டருக்கும் மேல். ஆக, எட்டாவது மாடிக்கு மேலேயே பிடித்திருந்தால் காப்பாற்றியதாக அர்த்தம். தரைக்கு இரண்டு மீட்டர் இருக்கும்போது பிடித்தால் 60 ஜிக்கும் மேல்.

கட்டடத்துக்குப் பதில் விமானத்திலிருந்து விழுந்தால் நிலைமை பல மடங்கு மோசமாகும் என்றுதான் தோன்றும். ஆகாது. வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் எடையைச் சமன் செய்துவிடும். அதற்கு மேல் வேகம் கூடாது. அந்த வேகத்துக்கு முற்றுத் திசைவேகம் என்று பெயர். வயிறு கீழே இருக்கும்படி கை கால்களை விரித்து விழும் மனிதருக்கு அது மணிக்கு 190, 200 கிலோமீட்டர் அளவில் இருக்கும். காற்றே இல்லாமல் 150 மீட்டர் விழுந்தால் வரும் வேகம் அது. 1 கிலோமீட்டரிலிருந்து விழுங்கள், 10 கிலோமீட்டரிலிருந்து விழுங்கள், நம் வகுத்தலில் மேலே போட வேண்டிய எண் சுமார் 150தான்.

இந்த 150ஐ வைத்துக்கொண்டு நிஜத்தில் ஒருவர் விளையாடிப் பார்த்தார். அமெரிக்க ஸ்கைடைவர் லூக் ஐக்கின்ஸ், 2016 ஜூலை 30 அன்று, கலிபோர்னியாவின் சிமி பள்ளத்தாக்கில், 7,600 மீட்டர் உயரத்திலிருந்து பாராசூட் இல்லாமல் குதித்தார். கீழே 100 அடிக்கு 100 அடி அளவில் ஒரு வலை, நான்கு கிரேன்களில் மிக உயரத்தில் கட்டியிருந்தார்கள். வலை ஏன் அவ்வளவு உயரத்தில் என்பதற்கு இப்போது உங்களுக்கே விடை தெரியும்: 150ஐ 3 ஜிக்குள் அடக்க வேண்டுமானால் வலை 50 மீட்டர் இறங்கிக்கொடுக்க வேண்டும். தரைக்குப் பக்கத்தில் கட்டினால் அதற்கு இடம் ஏது? கடைசி நொடியில் ஐக்கின்ஸ் புரண்டு மல்லாந்து விழுந்தார், விசை முதுகு முழுக்கப் பரவட்டும் என்று. எழுந்து போய் மனைவியைக் கட்டிக்கொண்டார்.

எந்த ஏற்பாடும் இல்லாமல் பிழைத்தவர்களும் உண்டு. 1944 மார்ச் 24 இரவு, ஜெர்மனிக்கு மேலே தீப்பிடித்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்திலிருந்து பிரிட்டிஷ் வீரர் நிக்கோலஸ் ஆல்க்மேட் குதித்தார். பாராசூட் எரிந்துவிட்டது, உள்ளே இருந்து கருகுவதைவிட விழுந்து சாகலாம் என்ற முடிவு. 5,500 மீட்டர். ஊசியிலை மரக் கிளைகளை முறித்துக்கொண்டு ஆழமான பனியில் போய் விழுந்தார். கால் சுளுக்கியது, அவ்வளவுதான். பிடித்த ஜெர்மானியர்கள் ஒற்றன் என்று சந்தேகப்பட்டார்கள், விமானத்தின் சிதைவுகளைச் சோதித்த பிறகுதான் நம்பினார்கள். கிளைகளும் பனியும் சேர்ந்து அவருக்கு 3 மீட்டரோ 4 மீட்டரோ கொடுத்திருந்தால்கூட 40, 50 ஜிதான் வருகிறது. ஸ்டாப் தாங்கிய எல்லையைச் சுற்றித்தான். தெய்வச் செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், மரம் தன் பங்கைச் செய்திருக்கிறது.

மேலே போகும்போதும் இதே கதைதான்

1938இல் சூப்பர்மேன் அறிமுகமான ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் அவருக்குப் பறக்கத் தெரியாது. 20 மாடிக் கட்டடத்தைத் தாவுவார் என்றுதான் போட்டிருந்தது. தாவுவதற்கும் நம் வகுத்தல் அப்படியே பொருந்தும், தலைகீழாக. கால்களை மடக்கி, உந்தி எழும்பும் தூரம் அரை மீட்டர். நாம் அரை மீட்டர் உந்தி அரை மீட்டர் எம்புவோம், அரையை அரையால் வகுத்தால் ஒரு ஜி. 20 மாடி என்றால் 60 மீட்டர். அரையால் வகுத்தால் 120 ஜி.

அவர் தாங்குவார், சரி. காலுக்கடியில் இருக்கும் தார்ச் சாலை தாங்குமா? 100 கிலோ ஆள் என்றால் தரையில் விழும் விசை 12 டன், இரண்டு பாதத்தின் பரப்பில். ஒவ்வொரு தாவலுக்கும் மாநகராட்சி ஒரு பள்ளத்தை மூட வேண்டியிருக்கும். போகட்டும். கைகளில் யாரையாவது ஏந்திக்கொண்டு தாவினால், அந்த 120 ஜி அவருக்கும்தான். விழுந்தவரைக் காப்பாற்றி, பத்திரமாக வீட்டில் விடத் தூக்கிக்கொண்டு தாவும்போது கொன்றுவிடுவார்.

கவசத்துக்குள் இருப்பவர்

அயர்ன் மேன் வகைக் காட்சி வேறு மாதிரி ஏமாற்றும். வானத்திலிருந்து விழுந்து சாலையைப் பிளந்துகொண்டு நிற்கிறார். கவசத்தில் ஒரு கீறல் இல்லை. உள்ளே இருப்பவர் முகமூடியைத் திறந்து ஜோக் அடிக்கிறார். கவசம் உறுதியாக இருந்தால் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது என்று நமக்கு ஒரு நினைப்பு. உண்மையில் கவசம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு மோசம். நசுங்காத கவசம் சட்டென்று நிற்கும். அதற்குள் இருக்கும் உடம்புக்கு நிற்கக் கிடைப்பது உள்பக்கப் பஞ்சின் தடிமன் மட்டும். 20 மீட்டர் விழுந்து 5 சென்டிமீட்டரில் நின்றால் 400 ஜி. முழு உடம்பும் பஞ்சில் பதிந்து நின்றாலும் மண்டையோட்டுக்குள் மூளை இன்னும் போய்க்கொண்டிருக்கும்.

நம் தலையில் போடும் ஹெல்மெட்டுக்கும் இதுவே விதி. வெளியே பளபளக்கும் கெட்டி ஓடுதான் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஓடு கூரான பொருள் குத்தாமல் தடுக்கும், அடியைப் பரப்பும். உயிரைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் தெர்மாகோல். பைக்கிலிருந்து விழும்போது தலை வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டரில், தரையில் மோதுகிறது என்று வையுங்கள். தெர்மாகோல் 3 சென்டிமீட்டர் நசுங்கினால் தலைக்கு 60 ஜி. அது இல்லாமல் தோலும் தசையும் 3 மில்லிமீட்டர் நசுங்கி நின்றால் 600. தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது. அதனால்தான் பலமான அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே புதுசு போல இருந்தாலும், தூக்கிப் போடச் சொல்கிறார்கள். சாலையோரத்தில் விற்கும், உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச் மட்டும் ஒட்டிய தொப்பி ஹெல்மெட் போலீஸிடமிருந்து காப்பாற்றலாம். தரையிடமிருந்து காப்பாற்றாது. கார்களின் முன்பக்கம் வேண்டுமென்றே நசுங்கும்படி செய்யப்படுவதும் இந்த வகுத்தலில் கீழே இருக்கும் எண்ணைப் பெரிதாக்கத்தான்.

வேக மனிதர்கள்

ஃப்ளாஷ் போன்றவர்கள் விழுகிறவரைப் பிடிப்பதில்லை. சும்மா நிற்கிறவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குண்டு வெடிக்கப் போகிறது, அருகில் ஒருவர் நிற்கிறார், ஃப்ளாஷ் ஓடி வந்து அவரை வாரிக்கொண்டு போய்விடுகிறார். நின்றுகொண்டிருந்தவர் ஒரே எட்டில், 1 மீட்டருக்குள், வினாடிக்கு 300 மீட்டர் வேகத்துக்குப் போக வேண்டும். கணக்குப் போட்டால் 4,500 ஜியைத் தாண்டுகிறது. குண்டே தேவலை.

எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஃப்ளாஷ் கதைகளில் 'ஸ்பீடு ஃபோர்ஸ்' என்று ஒரு மாய ஆற்றலைக் கொண்டுவந்தார்கள். அது ஃப்ளாஷையும் அவர் தொடுகிறவர்களையும் காப்பாற்றுமாம். 2014இல் வந்த எக்ஸ்-மென் படத்தில் குவிக்சில்வர் இதைவிட நேர்மையாக ஒரு காரியம் செய்கிறான். சிறையிலிருந்து மேக்னீட்டோவைத் தப்பவைக்கும்போது, ஓடுவதற்கு முன் அவர் பின்னந்தலையில் கையை வைத்துத் தாங்கிக்கொள்கிறான். எதற்கு என்று அவர் கேட்டால், கழுத்து வெடுக்கென்று இழுபடாமல் இருக்க என்கிறான். ஜி குறைந்துவிடவில்லை. ஆனால் தலை தனியாகப் பின்தங்காமல் உடம்போடு சேர்ந்து கிளம்பும். எந்த உறுப்பு முதலில் மாட்டும் என்று யோசித்து எழுதிய காட்சி, ஓரிரு நொடிதான்.

விண்கலங்களுக்கு வந்தால் எண்கள் நம் கையை விட்டுப் போய்விடுகின்றன. விண்வெளிக் கதைகளில் கேப்டன் ஒரு வார்த்தை சொன்னதும் நட்சத்திரங்கள் கோடுகளாக நீள, கப்பல் பாய்கிறது. ஒளியின் வேகத்தில் கால் பங்கை 10 வினாடியில் எட்டினால், உள்ளே நிற்கிறவர்களுக்கு 7 லட்சம் ஜிக்கும் மேல். பின்சுவரில் பூச்சாக ஒட்டிவிடுவார்கள். அதே கால் பங்கை, நாம் இப்போது பூமியில் நிற்கும்போது உணரும் அந்த ஒற்றை ஜியில், நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தபடி எட்ட வேண்டுமானால் ஏறக்குறைய மூன்று மாதம் இன்ஜினை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் நிற்க இன்னொரு மூன்று மாதம் பிரேக். ஒரு மணி நேர எபிசோடுக்கு இது தாங்காது. அதனால் ஸ்டார் ட்ரெக் எழுதியவர்கள் கப்பலில் நிலைமத்தை அடக்கும் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டார்கள். அது பழுதாகும் நாளில் மட்டும், கதைக்குத் தேவையான அளவுக்கு, மாலுமிகள் இருக்கையிலிருந்து கொஞ்சம் தூக்கி எறியப்படுவார்கள்.